பக்கத்து வீட்டுப் பூனையும் உங்கள் கீரைப் பாத்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் திருநகர், விளாங்குடி, அய்யர் பங்களா, ஒத்தக்கடை என்று எந்தப் பக்கம் போனாலும் பல தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலடிச் சந்துதான். அந்த வீட்டில் பால் குடிக்கும் பூனைக்கு இந்த வீட்டுத் தோட்டம் அசலூர் இல்லை. பூனையை அடிக்காமல், பக்கத்து வீட்டோடு பேச்சு அறுந்துபோகாமல், பாத்தியையும் தொட்டிகளையும் காப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை.

இத்தனை வீடு இருக்க, எங்கள் தோட்டத்துக்கே ஏன் வருகிறது?

பெரும்பாலும் மண்ணுக்காக. பூனை தன் கழிவை மூடிவைக்கும் பிராணி. அதற்கு வேண்டியது காய்ந்த, பொலபொலவென்ற, மேலே எதுவும் மூடாத மண். கொத்திக் கிளறி, கட்டி உடைத்து, தொழு உரம் கலந்து, மட்டம் தட்டி நீங்கள் தயார் செய்த பாத்தி அதற்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கும். கீரை விதை சீராக விழ வேண்டும் என்று மணல் கலந்து தூவுகிறோமே, அது இன்னும் வசதி. தெரு முழுக்க சிமென்டும் பேவர் பிளாக்கும் போட்டாகிவிட்டது. மண் என்று மிஞ்சியிருப்பது உங்கள் பாத்தி ஒன்றுதான் என்றால் நாலு வீட்டுப் பூனையும் அங்கேதான் வந்து சேரும்.

அடுத்தது சாப்பாடு: எலி, மூடாத உரக்குழி, மீன் கழுவிய தண்ணீர். சித்திரை வெயிலில் மல்லிகைப் பந்தலடியில் குளுமைக்குப் படுக்க வருவதும் உண்டு. படுக்க வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். தோண்ட வருவதைத்தான் நிறுத்த வேண்டும்.

மேல்மண் காய்ந்திருக்கக் கூடாது, பொலபொலப்பாக இருக்கக் கூடாது, வெறுமனே கிடக்கக் கூடாது. இந்த மூன்றில் இரண்டைச் சரிசெய்தாலே பூனை வேறு இடம் பார்க்கும். மருந்து, வாசனை, கருவி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தோண்டியது பூனைதான் என்று எப்படி உறுதி செய்வது?

காலையில் பாத்தியைப் பாருங்கள். பூனை தோண்டிய குழி உள்ளங்கை அகலம்தான், ஆழம் இரண்டு மூன்று அங்குலம். அதன்மேல் சுற்றுப்பக்க மண்ணை இழுத்துக் குவித்திருக்கும். அந்தக் குவியலை நோக்கி விரலால் கோடு இழுத்ததுபோல் பிராண்டல் தடங்கள் வரும். காலடி வட்டமாக இருக்கும், நகத்தடம் பதியாது. நாய்க்கு நகம் பதியும்.

சாய்வாக உள்ளே இறங்கும் வளையும், வெளியே தள்ளிய புது மண்ணும், கடித்த கிழங்கும் இருந்தால் அது பெருச்சாளி. அப்படியானால் பூனை உங்களுக்கு வேலைக்காரன், விரட்டாதீர்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மூடாமல் கிடக்கும் கழிவில் சப்போட்டா, பப்பாளி விதை தெரிந்தால் மரநாயைச் சந்தேகியுங்கள். அது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. தொந்தரவு என்றால் வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். நீங்களே பிடிக்கக் கூடாது.

கீரை விதைத்த பாத்தியை எப்படிக் காப்பாற்றுவது?

விதைத்த நாளிலிருந்து கீரை நான்கு விரல் உயரம் வரும்வரைதான் ஆபத்து. பிறகு இலை மூடிக்கொள்ளும், பூனைக்கு இடம் கிடைக்காது. அந்தப் பதினைந்து நாளைக் கடத்தினால் போதும்.

மூன்றடி அகலம், ஆறடி நீளப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். இரும்புக் கடையில் ஒரு அங்குலக் கண் கோழிவலை வாங்குங்கள். நாலடி அகலம், ஏழடி நீளம் தேவை. அதாவது நாலு பக்கமும் அரையடி கூடுதல். இந்த அரையடியில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். பாத்தி அளவுக்கே வெட்டினால் பூனை ஓரத்தில் நின்று தோண்டி, வலையையும் தூக்கிவிடும்.

விதை தூவி, பூவாளியால் நீர் தெளித்தபின் வலையை மண்ணோடு ஒட்டப் படுக்க வையுங்கள். பத்தாம் நம்பர் கட்டுக்கம்பியை ஓரடி நீளத்துக்கு வெட்டி கொண்டைஊசிபோல் வளைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடித்து இறக்குங்கள். வெட்டிய முனைகளைக் கீழ்நோக்கி மடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் களை எடுக்கும்போது கிழிபடுவது உங்கள் கைதான். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் வலைக் கண் வழியாகவே முளைத்து வரும். ஆனால் வேரோடு பிடுங்கும் கீரை என்றால் வலையை அப்படியே விட்டுவைக்காதீர்கள். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் நான்கு மூலையிலும் செங்கல் வைத்து வலையை அதன்மேல் ஏற்றிவிடுங்கள். இது தாமதமானால் தண்டு வலையில் சிக்கி, தூக்கும்போது பாதிக் கீரை அறுந்துவரும்.

வலை வாங்க மனமில்லை என்றால் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடித் தண்டு, போதும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் அறுவடை முடிந்த காட்டில் கிடைக்கும். ஓரடித் துண்டுகளாக ஒடித்து, பாதி மண்ணுக்குள் போகும்படி, சாண் இடைவெளிக்கும் குறைவாகக் குத்திவையுங்கள். பூனை திரும்பி உட்கார இடம் இருக்கக் கூடாது, கணக்கு அவ்வளவுதான். கத்தரி, தக்காளி நாற்று நட்ட பாத்திக்கு இதுவே நல்லது. கருவேல முள்ளைப் போடுவது பழைய வழக்கம். பூனை வராது என்பது சரி, ஆனால் ஒரு மழையில் முள் மண்ணுக்குள் புதைந்து, ஆறு மாதம் கழித்து உங்கள் செருப்பையே துளைக்கும்.

நீர் தெளிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றுவதும் உதவும். பூனை அந்தி சாய்ந்தபிறகும் விடியலுக்கு முன்னும்தான் அதிகம் நடமாடும். அந்த நேரத்தில் மேல்மண் ஈரமாக இருந்தால் கால் வைக்க யோசிக்கும்.

மொட்டைமாடியில் தொட்டியும் பையும் வைத்திருக்கிறோம். அங்கும் வருகிறதே?

தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் கைபட்டாலே உதிரும். மாடி வெயிலில் மேல் அங்குலம் மதியத்துக்குள் காய்ந்துவிடும். பூனைக்கு வேறென்ன வேண்டும்?

எளிய தடுப்பு, உரித்த தேங்காய் மட்டை. முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி, தண்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். தண்டோடு ஒட்டாமல் இரண்டு விரல் விடவேண்டும். ஒட்டினால் மழைக்காலத்தில் தண்டு அழுகும். 15 அங்குலப் பைக்கு நான்கைந்து மட்டை பிடிக்கும். பூனையும் தோண்டாது, தண்ணீர்ச் செலவும் குறையும்.

கல் போடுவதாக இருந்தால் ஒன்றரை அங்குல ஜல்லி போடுங்கள். முக்கால் அங்குல ஜல்லியைப் பூனை காலால் தள்ளிவிடும். கருங்கல் மே மாத வெயிலில் கொதித்து மேல்வேரைச் சுடும் என்பதால், கோடையில் மட்டைதான் நல்லது. காலியாகக் கிடக்கும் பைகளைக் கவிழ்த்தோ மூடியோ வையுங்கள். செடி இருக்கும் பத்துப் பையை மூடிவிட்டு, மண்ணோடு ஒரு காலிப் பையை ஓரத்தில் விட்டுவைத்தால் பழக்கம் அங்கிருந்துதான் மறுபடி தொடங்கும்.

மீன் அமிலம் ஊற்றினால் மறுநாளே பூனைக் கூட்டம். என்ன செய்யலாம்?

மீனும் வெல்லமும் சம அளவு போட்டு ஊறவைத்த கரைசல் அது. நமக்கே மூக்கில் ஏறும்போது பூனைக்கு இரண்டு வீடு தள்ளியே தெரிந்துவிடும். நிறுத்த வேண்டியதில்லை, ஊற்றும் விதத்தை மாற்றுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. போதும், கை தாராளம் வேண்டாம். மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள், பின்னாலேயே வெறும் தண்ணீர் விட்டு உள்ளே இறக்குங்கள், மேலே சருகு, வைக்கோல் என்று மூடாக்கு போடுங்கள். பூனை கிளம்பும் அந்தி நேரத்துக்குள் வாடை பெருமளவு அடங்கிவிடும்.

மீன் செதிலையும் குடலையும் செடியடியில் புதைப்பவர்கள் ஒன்றரை அடிக்குக் குறைந்து தோண்டவே கூடாது. மேலே ஒரு தட்டைக்கல்லும் வையுங்கள். எலும்புத்தூளுக்கும் இதே ஜாக்கிரதைதான். தூவிவிட்டு வராமல் மண்ணோடு கிளறி மூடுங்கள்.

களை பிடுங்கிய இடத்தில் பூனை உருண்டு புரள்கிறது. ஏன்?

பிடுங்கியது குப்பைமேனியாக இருக்கும். அதற்குப் பூனைவணங்கி என்ற பேரே உண்டு. வேர் வெளியே தெரிந்தால் பூனை முகர்ந்து, கடித்து, அதன்மேலேயே புரளும். பாத்தியில் இருக்கும் குப்பைமேனியை அறுந்த வேர் மிஞ்சாமல் எடுத்து, அன்றே தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். வரப்பில் குவித்து வைத்தால் விருந்துக்குக் கூப்பிட்டது மாதிரி. பூனைக்கென்று ஒரு மூலை ஒதுக்கப் போகிறீர்கள் என்றால் இதே செடி அங்கே உதவும்.

பூனைக்கு மூலை ஒதுக்குவதா?

கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். தோட்டத்தின் தூரத்து மூலையில், செடி மறைவில், இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் அரையடி ஆழத்துக்குச் சலித்த மணல் போடுங்கள். பாத்தியை வலையால் மூடும் அதே நாளில் இதைத் திறக்க வேண்டும். பழைய குழியிலிருந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்து இதில் போட்டால் வாடை பிடித்து வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் அதற்கே அந்த இடம் பிடிக்காமல் போய், மறுபடி பாத்திப் பக்கம் திரும்பும்.

மிளகாய்த்தூள், அந்துருண்டை, பினாயில், எலுமிச்சைத் தோல் இவற்றில் எது கேட்கும்?

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாடை பூனைக்குப் பிடிக்காது, உண்மைதான். ஆனால் மதுரை வெயிலில் அரை நாளில் சருகாகிவிடும். தினமும் மாற்ற முடியும் என்றால் போடுங்கள்.

மிளகாய்த்தூள் வேண்டாம். காலில் ஒட்டியதைப் பூனை நக்கும், கண்ணில் தேய்த்துக்கொள்ளும். ஆடிக்காற்றில் அது உங்கள் கண்ணுக்கும் வரும். அந்துருண்டை பூனைக்கு விஷம், தவழும் குழந்தைக்கும் விஷம், மண்ணிலும் இறங்கும். கருப்பு பினாயில் இன்னும் மோசம். அதில் உள்ள ஃபீனால் வகை வேதிப்பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே ஆபத்து. யூகலிப்டஸ் தைலமும் அந்த வரிசைதான். காபித்தூள் சக்கையைக் கொஞ்சம் உரமாகப் போடலாம், பூனைக்காகக் குவிக்காதீர்கள்.

வேப்பம்புண்ணாக்கு மண்ணுக்கு நல்லது, அதற்காகப் போடுங்கள். பூனையை விரட்டும் என்று நம்பிப் போடாதீர்கள்.

நீலம் கலந்த தண்ணீர் பாட்டில்?

பயனில்லை. அதன் நிழலிலேயே பூனை படுத்திருக்கும்.

தானாகத் தண்ணீர் பீச்சும் கருவி வாங்கலாமா?

பூனையை நோகாமல் விரட்டுவதில் நல்ல கருவி. ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயம்.

ஒன்று, அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். மாடிமேல் தொட்டி ஏழு மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே குழாயில் 0.7 பார்தான். பல கருவிகள் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பவை. பீச்சாமல் ஒழுகிக்கொண்டு நிற்கும். பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இரண்டு, உணரி (சென்சார்). சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடல் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் அது பிடிக்கிறது. பூனையின் உடல் சூடு 38 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். சித்திரை, வைகாசியில் வெயில் குடித்த சிமென்ட் தரையும் அந்தச் சூட்டில் இருக்கும்போது கருவிக்குப் பூனை தெரியாது. கருவியைச் சுவரையோ தளத்தையோ பார்த்து வைக்காமல், ஈர மண் பக்கமாகத் திருப்பி, முழங்கால் உயரத்தில் வையுங்கள். வாழை இலை ஆடும் திசையில் வைத்தால் நாள் முழுக்கப் பீச்சித் தொட்டியைக் காலி செய்யும்.

காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகள் சில பூனைகளிடம் பலிக்கும், சிலவற்றிடம் பலிக்காது. செடி மறைத்தால் ஒலி போகாது. முதல் செலவு இதற்கு வேண்டாம்.

சுவரை உயர்த்திக் கட்டினால் நின்றுவிடுமா?

நிற்காது. ஐந்தடி ஆறடிச் சுவரின் விளிம்பைத் தாவிப் பிடித்து ஏறிவிடும். கண்ணாடிச் சில்லு பதித்த சுவரிலும் கால் வைக்க இடம் பார்த்து நடக்கும். கிழிபடுவது கொத்தனார் கையும் பந்து எடுக்க ஏறும் பிள்ளைகளும்தான்.

பலிப்பது உருளும் குழாய். 75 மி.மீ. பிவிசி பைப்பை நாலடித் துண்டுகளாக வெட்டுங்கள். அதற்குள் அரை அங்குல ஜிஐ பைப்பை நுழைத்து, சுவர்மேல் நாலடிக்கு ஒன்றாக இறுக்கிய இரும்புப் பட்டைகளில் பொருத்துங்கள். வெளிக்குழாய் தொட்டால் சுழல வேண்டும். விளிம்பைப் பிடிக்கத் தாவும் பூனை பிடி கிடைக்காமல் வந்த பக்கமே இறங்கிவிடும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் சந்து விட்டால் அதற்குள் காலை வைத்து ஏறும். சுவரை ஒட்டி முருங்கைக் கிளையோ சின்டெக்ஸ் தொட்டியோ இருந்தால் இத்தனை செலவும் வீண். முதலில் அதைக் கவனியுங்கள். பொதுச் சுவர் என்றால் அடுத்த வீட்டின் சம்மதம் வாங்காமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். பூனைச் சண்டை எல்லைத் தகராறாக மாறுவது இங்கேதான்.

வாசல் கதவில், பைக் சீட்டில் மூத்திரம் அடித்துவிட்டுப் போகிறது. நாற்றம் போகவே இல்லை.

அது கடுவன், அதாவது ஆண் பூனை. எல்லை காட்ட அடிப்பது. விரை நீக்க அறுவை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நாற்றம் திரும்பத் திரும்ப வரக் காரணம், அதில் உள்ள யூரிக் அமிலம் உப்பாகப் படிந்து, ஈரம் பட்டபோதெல்லாம் கிளம்புவதுதான். முதலில் வெறும் தண்ணீரில் கழுவி, நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தை ஊற்றிப் பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும்.

பூனை அசுத்தம் செய்த பாத்தியின் கீரையைச் சாப்பிடலாமா?

கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, கழிவைச் சுற்றியுள்ள இரண்டு அங்குல மண்ணோடு அள்ளி, கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்தை ஒட்டிய கீரையைத் தள்ளிவிடுங்கள். மற்றதை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி வேகவைத்தால் பயமில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது போதாது. கவலை பச்சையாகச் சாப்பிடும் மல்லி, புதினா, முள்ளங்கியில்தான்.

பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும். வெளியேறிய உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாள் ஆகும். ஆகவே தினமும் அள்ளுவதில் அர்த்தம் இருக்கிறது. ஈர மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும். தோட்டத்தில் இறங்கினால் கையுறை கட்டாயம். வெறுங்காலோடு அந்த மண்ணில் நடந்தால் கொக்கிப்புழுவின் இளம்புழு தோலில் புகுந்து அரிக்கும் தடம் போடும். செருப்பு போடுங்கள்.

விரட்டும்போது பிராண்டிவிட்டது.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். நாய் மட்டுமல்ல, பூனையும் வெறிநோயைப் பரப்பும். தோலில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). வீட்டுப் பூனைதானே என்று தவணையை விடாதீர்கள்.

பக்கத்து வீட்டில் எப்படிச் சொல்வது?

கோபம் ஏறிய காலையில் போகாதீர்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் கழிவுப் படம் போடவே போடாதீர்கள். அதற்குப் பிறகு பேச ஒன்றும் மிஞ்சாது. சாயங்காலம் நேரில் போய், குறையோடு சேர்த்துச் செய்ய முடிந்த ஒன்றையும் சொல்லுங்கள்.

"மதினி, உங்க கருப்பன் தினம் நம்ம பாத்தியிலதான் வெளிக்குப் போறான். வீட்டுக்குள்ள ஒரு டப்புல மணல் போட்டு வைங்களேன், மணல் நான் தர்றேன்."

ஒன்றரை அடி நீளத் தொட்டி, மூன்று அங்குல மணல், தினமும் ஒருமுறை அள்ளுதல், இவ்வளவுதான் வேலை. இரவுச் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்து, விடியும்வரை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லலாம். அதற்கு மேல் கேட்க வேண்டியது கருத்தடை. ஐந்து ஆறு மாத வயதில் செய்யலாம். "செலவில் பாதி நான் தர்றேன்" என்று சொல்ல முடிந்தால், வருடா வருடம் விதை வாங்கும் காசைவிட அது மிச்சம்.

சாக்கில் பிடித்து வைகைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாமா?

கூடாது. வளர்ந்த பூனை பல நேரம் திரும்பி வரும். வராவிட்டால் காலியான இடத்துக்கு வேறு பூனை வரும், மண் அதே மண்தானே. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். விஷம் வைப்பது அதைவிடப் பெரிய வழக்கு: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. கருவாட்டில் தடவிய எலிமருந்து எந்த வாய்க்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காக்கை, தெருநாய், அழகர்கோவில் பக்கம் என்றால் மயில்.

தொட்டிகளுக்குப் பின்னால் குட்டி போட்டுவிட்டது. இப்போது?

கண் திறக்காத குட்டியை இடம் மாற்றாதீர்கள். அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்சாமல், ஆள் நடமாட்டத்தைக் குறைத்தால் போதும். தொந்தரவு என்று பட்டால் தாயே கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். போகாவிட்டால் எட்டு வாரம் பொறுங்கள். அதற்குள் குட்டிகள் பால் மறந்து தானாகச் சாப்பிடும், வளர்க்கக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். தாய் பால் கொடுக்கும்போதே அதற்கு மறுபடி சினை பிடிக்கும், 63 முதல் 65 நாளில் அடுத்த ஈடு. அதனால் குட்டி பால் மறந்த வாரத்திலேயே கருத்தடைக்குக் கொண்டுபோகும்படி வளர்ப்பவரிடம் சொல்லுங்கள். இடம் காலியானதும் கழுவி, காயவிட்டு, தொட்டிகளைச் சுவரோடு ஒட்டி நகர்த்திவிடுங்கள். இடையில் ஒரு சாண் சந்து இருந்தாலும் அடுத்த ஈடும் அங்கேதான்.